ரைலியின் எலும்புகள்

"தைராய்டு வேற, பாராதைராய்டு வேற. எத்தனை தடவை சொல்றது? ரெண்டும் ஒரே தெருவுல குடியிருக்கு, அவ்வளவுதான்" என்றாள் சிர்பா.

குவோபியோ நகர ஆஸ்பத்திரியின் நடைக்கூடத்தில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ரைலி. ஒரு பக்கம் அவள் தங்கை சிர்பா. டவுன் பஸ் ஓட்டுகிறவள், இன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். மறுபக்கம் ரைலியின் கணவன் எஸ்கோ, மனைவியின் கையுறைகளை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு.

ரைலியின் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் கண்டுபிடித்தவள் அவளுக்கு முடி வெட்டுகிற பெண். ஸ்கேனில் தைராய்டின் பின்பக்கம் ஒட்டினாற்போல் ஏதோ தெரிந்தது. அது தைராய்டிலேயே வந்த கட்டியா, பின்னால் இருக்கிற பாராதைராய்டு வீங்கியிருக்கிறதா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, ரத்தம் பார்க்க வேண்டும் என்றுவிட்டாள் டாக்டர். அன்றிலிருந்து சிர்பா கிடைத்ததையெல்லாம் படித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லேன்" என்றான் எஸ்கோ.

"பார்லி மணி அளவுல நாலு சுரப்பி. ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா எலும்புலேர்ந்து எடுத்துக் குடுக்கிறது அதுங்க வேலை. அதுல ஒண்ணு வீங்கிடுச்சுன்னா நிறுத்தத் தெரியாது. எடுத்துக்கிட்டே இருக்கும். எலும்பு ரஸ்க் மாதிரி ஆயிடும். லேசா இடிச்சாக்கூட ஒடியும்."

"அப்ப இவ மேல ஒரு தப்பும் இல்ல."

"இல்லவே இல்ல. நாமதான் நாக்குல நரம்பில்லாமப் பேசிட்டோம்."

பேசியது உண்மைதான். நாலு வருஷத்தில் மூன்று முறை ரைலிக்கு எலும்பு முறிந்தது. முதலில் மணிக்கட்டு, அப்புறம் விலா. இரண்டும் பனிக்காலத்தில். வாசலில் வழுக்கிவிட்டது என்றாள். யாரும் துருவிக் கேட்கவில்லை. பனியில் வழுக்கி எதையாவது ஒடித்துக்கொள்ளாதவர்கள் அந்த ஊரில் யார்? மூன்றாவதாகக் காறை எலும்பு ஒடிந்தது பனியே இல்லாத ஜூலையில். சவுனா என்கிற நீராவிக் குளியலறையின் படியில் தடுக்கியதாகச் சொன்னாள். அப்போதுதான் பேச்சு கிளம்பியது. குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில் கூட வேலை செய்கிறவர்கள், ரைலி வாயைத் திறந்தால் வாசனை பிடித்தார்கள். பெற்ற அம்மாவே, "குடிச்சியா?" என்று போனில் கேட்டாள். சிர்பா மட்டும் என்ன ஒழுங்கு? அக்கா வீட்டுக்குப் போனபோது பாத்திர அலமாரிக்குப் பின்னால் கைவிட்டுப் பாட்டில் தேடியவள்தான். ஒன்றும் கிடைக்கவில்லை. நன்றாக ஒளித்து வைத்திருக்கிறாள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். இப்போது அதை நினைத்தால் அவளுக்கு அவமானமாக இருந்தது.

"ரிப்போர்ட் வரட்டும். உன்கூட வேலை செய்யிற ஒவ்வொருத்தி மூஞ்சிக்கு நேரா நீட்டுறேன் பாரு" என்றாள் சிர்பா.

ரைலி தங்கையின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "வியாதியாத்தானே இருக்கும், இல்லடி? ஞாயித்துக்கிழமை சர்ச்சுல வேண்டிக்கிட்டேன்."

"ஊர்ல எல்லாரும் வியாதி போகணும்னு வேண்டுவாங்க. நீ வரணும்னு வேண்டியிருக்கே. கடவுளே குழம்பிப் போயிருப்பார்க்கா!"

"நானும்தான் வேண்டிக்கிட்டேன்" என்றான் எஸ்கோ. சிர்பாவுக்கு அந்த மனுஷன்மேல் பாவமாக இருந்தது. மூன்று முறையும் கார் ஓட்டி, கட்டுப் போட வைத்து, கூடவே இருந்தவன்.

பேரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் சின்ன வயசுக்காரி, சுற்றி வளைக்கத் தெரியாதவள். "கால்சியம் சரியா இருக்கு, ரைலி. பாராதைராய்டு ஹார்மோனும் சரியா இருக்கு. ரெண்டையும் ஒரே நேரத்துல எடுத்த ரத்தத்துலதான் பார்த்தோம், அதனால சந்தேகமே வேண்டாம். கழுத்துல இருக்கிறது சாதாரண தைராய்டு கட்டி. ஊசி போட்டு எடுத்தும் பார்த்தாச்சு, புத்து இல்ல. சும்மா கவனிச்சுக்கிட்டா போதும்."

"அப்ப எலும்பு?" என்றாள் சிர்பா.

"அடர்த்தியும் அளந்தோம். இந்த வயசுக்கு ரொம்ப உறுதியான எலும்பு." டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுத்து ரைலியைப் பார்த்தாள். "தானா ஒடியிற எலும்பு இல்ல இது."

சிர்பாவுக்குச் சுரீரென்றது. இரண்டு வாரமாக இவளுக்காக ஊரோடு சண்டைக்கு நின்றேனே. "அப்ப குடிதானா? என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுக்கா. அம்மா சொன்னது நிஜந்தானா?"

ரைலி அவள் பக்கம் திரும்பவே இல்லை. மேஜையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். கண்ணிலிருந்து நீர் தன்பாட்டுக்கு இறங்கியது.

"டாக்டர், இன்னொரு தடவை பாருங்களேன்" என்றாள் ரைலி. "ரத்தம் எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்க. ஏதாவது வியாதி இருக்கணும் டாக்டர். வியாதின்னா வெட்டி எடுத்துடலாம் இல்ல?"

"போதும் ரைலி" என்றான் எஸ்கோ, தன்மையாக. "வீட்டுக்குப் போலாம், வா."

அவன் எழுந்து, அவளுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கிய கோட்டை எடுக்க அவள் தலைக்கு மேலாகக் கையை உயர்த்தினான்.

ரைலி இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு, நாற்காலியோடு நாற்காலியாக ஒடுங்கிக் குனிந்தாள்.