ஒரு பை மண்ணும் ஒரு ரிங்டோனும்

மேசைமேல் டீச்சர் வைத்தவை இரண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்ன போன், ஒரு துணிப்பை நிறைய மண்.

“இந்த மண்ணுக்கு அடியில போன் இருந்தாலும் ரிங்டோன் வெளியில கேக்கணும் தம்பி. அப்படி ஒண்ணு செஞ்சு குடுப்பீங்களா?”

கடைக்காரர் ஹெட்போனைக் கழற்றினார். ஊருக்கே அவர் ரிங்டோன் அண்ணன். டீச்சருக்கு மட்டும் தம்பி. மாமியார் அழைத்தால் சைரன், மேனேஜர் அழைத்தால் கழுதை என்று கேட்டு வந்தவர்கள் நிறைய உண்டு. கையில் மண்ணோடு யாரும் வந்ததில்லை.

டீச்சர் தெரியாத ஆளும் இல்லை. அடுத்த தெரு மருந்துக்கடைக்காரரின் மனைவி. தினமும் காலை எட்டரைக்குப் பள்ளிக்கூடம் போகும்போது கடையைப் பார்த்து ஒரு தலையசைப்பு. அதை வைத்தே அண்ணன் தன் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்வார்.

எங்கேயிருந்து மண் என்று கேட்டார். வீட்டுப் பின்பக்கம் ஒரு குழி, அதில் எடுத்தது என்றார் டீச்சர். குழி எதற்கு என்று கேட்க நாக்கு வரை வந்தது, கேட்கவில்லை.

தொழில் என்று வந்துவிட்டால் அண்ணனுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். முதலில் ஒரு புல்லாங்குழல் இசையைப் போட்டு, போனைப் பைக்குள் புதைத்து, தன் போனிலிருந்து அழைத்தார். வெளியில் ஒரு சத்தமும் வரவில்லை. அடிக்குரல் இந்தச் சின்ன ஸ்பீக்கரில் ஏறாது, கீச்சுக்குரலை மண் தின்றுவிடும், நடுக்குரல்தான் மிஞ்சும் என்று விளக்கினார். டீச்சர் பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி தலையாட்டினார்.

டீ குடித்த எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டிப் பதிவு செய்தார். மின்விசிறி இரைச்சலை நீக்கி, நடுக்குரலை மட்டும் தூக்கி, கரகரப்பு வராத அளவுக்குச் சத்தத்தை ஏற்றினார். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி இரண்டு தட்டு. விட்டு விட்டு வந்தால்தான் காது பிடிக்கும். நான்கு விநாடிக்கு வெட்டி, முடிகிற இடமும் தொடங்குகிற இடமும் ஒட்டுத் தெரியாமல் சேர்த்தார்.

இந்த முறை பைக்குள்ளிருந்து டிங் டிங் என்று வந்தது. யாரோ உள்ளே இருந்துகொண்டு தட்டுகிற மாதிரி இருந்தது. தான் செய்த சத்தம் அண்ணனுக்கே பிடிக்கவில்லை.

“மூணு அடிக்குக் கீழயும் கேக்குமா?”

அவ்வளவு ஆழத்துக்கு சிக்னல் கிடைப்பதே சந்தேகம், கிடைத்தால் பக்கத்தில் காதை வைத்தால் கேட்கும் என்றார். பேசாமல் வைத்திருந்தால் சார்ஜ் எத்தனை நாள் நிற்கும் என்பது அடுத்த கேள்வி. ஒரு வாரம் என்றார். டீச்சர் போனைக் கையில் எடுத்துத் தன் இடுப்புப் பக்கம் வைத்து அழுத்திப் பார்த்தார்.

“துணிக்குள்ள வெச்சுத் தைக்கப் போறேன். வெளியில தெரியக் கூடாது, போட்டுக்கிறவங்களுக்கு உறுத்தவும் கூடாது.”

அண்ணன் மனசுக்குள் கணக்குப் போட்டார். அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். மருந்துக்கடைக்காரர் தங்கமான மனிதர். காய்ச்சல் என்று போனால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை கொடுப்பார். போன மாதம் அண்ணனின் அம்மாவுக்கு மூச்சுத் திணறியபோது செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தவர். அப்படிப்பட்டவருக்கா குழி? சட்டைக்குள் போனை வைத்துத் தைத்து, அவரை எங்கே போட்டது என்று பிறகு சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கவா? கணக்கு எதுவும் சரியாக வரவில்லை. ஆனால் ஒரு நல்ல மனிதரின் உயிர் என்றதும் அண்ணனால் சும்மா இருக்க முடியவில்லை.

மேசைக்கு அடியில் தன் போனை வைத்து அவசரமாகத் தட்டினார். ‘அண்ணே, அக்கா என் கடையில இருக்காங்க. சின்ன போன் ஒண்ணு ரகசியமா வெச்சிருக்காங்க. பின்பக்கக் குழியைப் பத்திப் பேசுறாங்க. ஜாக்கிரதையா இருங்க.’

நிமிடத்தில் பதில் வந்தது. ‘நல்ல காரியம் பண்ணீங்க. அவளை அங்கயே உக்கார வைங்க. வந்துட்டேன்.’

அண்ணனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இன்னும் ஐந்து நிமிடம் டீச்சரைப் பேச்சில் இழுத்து வைத்தால் போதும். நாற்காலியை நகர்த்திப் போட்டார், தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மற்ற எல்லா அழைப்புகளையும் சத்தமில்லாமல் ஆக்கியாகிவிட்டது, ஒரே ஒரு நம்பருக்கு மட்டும் இந்தச் சத்தம் அடிக்கும், அந்த நம்பரைப் போடுவதுதான் பாக்கி என்றார்.

“யார் நம்பர்க்கா போடட்டும்?”

டீச்சர் தெருவை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உங்க நம்பரைத்தான். அவரு குழியை வெட்டி முடிச்சுட்டாரு தம்பி, ஊருல யார்கிட்ட சொன்னாலும் அவரைப் பத்தி நம்ப மாட்டாங்க. என்னிக்காவது காலையில எட்டரைக்கு நான் இந்த வழியா வரலேன்னா, எங்க வீட்டுப் பின்பக்கம் வந்து நின்னு ஒரு தடவை அடிச்சுப் பாருங்க.”