எதிர்வீட்டு ஸ்கூட்டர்

"ஏங்க, ஸ்கூட்டர் கூடக் கழுவுவீங்களா?"

காரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, முழங்கை வரை ஷாம்பூ நுரையோடு பிரஷ் போட்டுக்கொண்டிருந்த தென்னரசு நிமிர்ந்து பார்த்தான். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த கலைப்பிரியா தன் நீல ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கிளியனூரில் நர்ஸ் வேலை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அவன் கட்டியிருந்தது சாயம்போன லுங்கி. பனியனில் ஓட்டை. 'இல்லீங்க, நான் காலேஜ்ல கணக்கு வாத்தியாரு. இது என் சொந்தக் காரு' என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்ததில் வேறு ஏதோ வந்துவிட்டது.

"கழுவுவேங்க. பாலிஷும் போடுவேன்."

"அப்போ தெனமும் காலையில கழுவிக் குடுத்துடுங்க. கூலிய அப்பறம் பேசிக்கலாம்."

பால்காரரையும் தண்ணீர் கேன் போடுகிறவரையும் 'அண்ணா' என்று கூப்பிடுகிறவள், இவனை மட்டும் 'ஏங்க' என்றாள். அதற்காகவே தெருவில் உள்ள வண்டிகள் அத்தனையையும் கழுவலாம் என்று தோன்றியது தென்னரசுவுக்கு.

மறுநாளிலிருந்து அவன் காலைகள் எதிர்வீட்டு வாசலில் விடிந்தன. தன் வீட்டிலிருந்து குழாயை இழுத்துவந்து, தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றை ஊறவிடுவான். நுரை போட்டுத் தேய்த்துக் கழுவி, பனியன் துணியால் ஈரத்தை ஒற்றி எடுப்பான். பிறகு பாலிஷைத் தொட்டு வட்ட வட்டமாகத் தேய்ப்பான், நீல மட்கார்டில் தன் முகம் தெரிகிறவரைக்கும்.

அவள் கிளம்பித் தெருமுனை திரும்பிய பிறகுதான் தன் வீட்டுக்குள் ஓடிச் சட்டையை இன் பண்ணுவான். அவசரத்தில் ஒருநாள் பெல்ட்டை மறந்துவிட்டு, வகுப்பு முழுக்க ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தினான்.

அவன் எவ்வளவு பளபளப்பாக்கி அனுப்பினாலும், சாயங்காலம் திரும்பி வரும்போது ஸ்கூட்டர் சக்கரத்திலிருந்து சீட்டு வரைக்கும் சேறாகத்தான் வரும். தென்னரசு அலுத்துக்கொள்ளவில்லை. சேறு இருந்தால் அவளிடம் இன்னும் கொஞ்ச நேரம் பேசலாம்.

அலுத்துக்கொண்டது அவன் குடியிருந்த வீட்டின் மாடியிலிருந்த வீட்டுக்கார அம்மா அஞ்சம்மாள்தான்.

"மழையே பேயாம போர்ல தண்ணி எறங்கிக் கெடக்குது. டாங்கித் தண்ணி மொத்தத்தையும் அந்த ஒத்த வண்டிக்கே ஊத்திக்கினு கீறியே, வாத்தியாரே!"

"வாத்தியாரா?" என்றாள் கலைப்பிரியா.

"அந்தம்மா எல்லாரையும் அப்படித்தாங்க கூப்புடும்" என்று சமாளித்தான்.

இதற்கிடையில் அவனுடைய சொந்தக் கார் துடைக்க ஆளில்லாமல் நின்றது. கண்ணாடியில் புழுதி, கூரை முழுக்கக் காக்கை எச்சம்.

"இந்தக் காரு ஓனரு ஒங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாரா?" என்று ஒருநாள் கேட்டாள். "சரியான முசுடாமே?"

"யாரு சொன்னது? தங்கமான மனுஷங்க!"

"இருக்கும். ஆனா கொஞ்சம் மண்டு மாதிரி தெரியுது."

தென்னரசு பல்லைக் கடித்துக்கொண்டு பின்சக்கரத்தைத் தேய்த்தான்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னிக்கு நல்லா பாலிஷ் போடுங்க. சாயங்காலம் விழுப்புரத்துலேருந்து என்னப் பொண்ணு பாக்க வர்றாங்க. மாப்ள இன்ஜினியராம்."

பாலிஷ் டப்பா அவன் கையிலிருந்து நழுவிச் சாக்கடை வரை உருண்டது. எடுக்கப் போகவில்லை. தண்ணீர்க் குழாய் அவன் காலடியில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்க, போடலியா?"

"நான் வண்டி கழுவுறவன் இல்லீங்க" என்றான். "காலேஜ்ல கணக்கு வாத்தியாரு. இந்தக் காரும் என்னோடதுதான்."

"அப்போ அந்த முசுடு?"

"நான்தாங்க. மண்டுவும் நான்தான். ஒங்கள தெனமும் பாக்கணும், பேசணும்னுதான் பொய் சொன்னேன். தப்புத்தான். ஆனா இன்னிக்கும் சொல்லாம வுட்டுட்டா, அப்பறம் எப்பவுமே சொல்ல முடியாது. எனக்கு ஒங்கள ரொம்பப் புடிச்சிருக்கு. எங்க வீட்லேருந்து வந்து கேக்கச் சொல்லட்டுங்களா?"

கலைப்பிரியா கழுவாத ஸ்கூட்டரில் அப்படியே ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டாள். மாடியில் அஞ்சம்மாள் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"கோவமாங்க?"

"பின்ன வராதா? இத வாயத் தொறந்து சொல்ல இத்தினி நாளா?"

"அந்த விழுப்புரத்து மாப்ள..."

"விழுப்புரத்துலேருந்து ஒரு ஈ காக்கா கூட வரல. ஞாயித்துக்கெழம ஒங்க வீட்லேருந்து வரச் சொல்லுங்க."

தென்னரசுவுக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அப்போ நான் யாருன்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

"தெரியாமலா? தெனமும் வழியில பம்ப்செட்டு வாய்க்கால்ல வண்டிய எறக்கிச் சேறாக்கிக்கினு வர்றது என்ன லேசான வேலையா, சார்?"