மேல்மூடியா, முன்கதவா?

உள்ளங்கையை எடுத்தால் படகு மூழ்கும்.

அவர் எடுக்கவில்லை. குப்புறப் படுத்து, ஒரு கன்னத்தைக் கழிவறைத் தரையில் ஒட்டி, வலது கையை அடிப்பலகையின் மீது அழுத்திக்கொண்டிருந்தார். விரல் இடுக்குகளில் கடல் சீறியது.

சற்று முன்புவரை அங்கே ஒரு வால்வு இருந்தது. கழிவறைக்குக் கடல்தண்ணீர் இழுக்கிற வால்வு. பச்சை பூத்து இறுகிப் போயிருந்தது. ஸ்பேனர் போட்டு ஒரு திருகு திருகினார். கழுத்தோடு கையில் வந்துவிட்டது.

கழற்றிய பழைய கழிவறைப் பீங்கான் நடைவழியில் கவிழ்ந்து கிடந்தது. அதற்கு அப்பால், படிக்கட்டில், மனைவி. காதில் போன்.

"ஏங்க, ஃப்ரிட்ஜ் மேல மூடி வச்சதா, முன்னாடி கதவு வச்சதா?"

"அடியே, படகு முழுகுது!"

"தெரியுது. என் செருப்பு மிதக்குதே."

"மர ஆப்பை எடு!"

படகில் நீர்மட்டத்துக்குக் கீழே எங்கெல்லாம் ஓட்டை உண்டோ, அங்கெல்லாம் பக்கத்திலேயே கூராகச் சீவிய மர ஆப்பு ஒன்று சணலில் தொங்கும். வால்வு போனால் அதை ஓட்டையில் அடித்து இறக்க வேண்டும். இந்த ஆப்பை அவரே சீவி, அவரே கட்டியிருந்தார்.

கழுத்தை வளைத்துப் பார்த்தார். ஆணி இருந்தது. சணல் இருந்தது. ஆப்பு இல்லை.

"எலி கடிச்சிருக்கும்" என்றாள்.

"துணியாவது கொண்டா!"

"துணியெல்லாம் நேத்தே நீங்கதானே மூட்டை கட்டி மகன் வீட்டுக்கு அனுப்புனீங்க?"

அனுப்பியது உண்மை. மகன் வீட்டு மாடியில் ஓர் அறை தயாராக இருந்தது. சுவர்கள் ஆடாத அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல்.

அவளுக்கு அங்கே போக விருப்பமில்லை. குடியிருக்கிற படகை ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம் அவர் ஒரே பதிலைச் சொல்லிவந்தார். ஃப்ரிட்ஜ் செத்துப்போச்சு, கழிவறை நாறுது, இதுல மனுஷன் இருப்பானா? மாலையில் படகை வாங்குகிறவர் வருகிறார். அதற்குள் நாற்றத்தை ஒழிக்கத்தான் இந்த ஸ்பேனர் வேலை. அந்த வால்வைத் தொடுவதென்றால் படகைக் கரையேற்றிவிட்டுத் தொடுங்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். அவள் சொல்லி அவர் எதையும் கேட்டதில்லை.

தண்ணீர் இறைக்கிற மோட்டார் இருமிக்கொண்டிருந்தது. அவள் போனின் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அம்மா, வண்டி கெளம்புது. ஏத்தவா, வேணாமா?" கடைக்காரரின் குரல்.

"சார்தான் சொல்லணும். அவர் சொல்லாம இந்தப் படகுல ஒரு ஆணிகூட அசையாது."

அவர் சொந்தச் சட்டையைக் கழற்றி ஓட்டையில் திணிக்கலாம் என்று யோசித்தார். அதற்கு இரண்டு கைகளும் வேண்டும்.

"முன்கதவுன்னா படகு சாயும்போது பால் பாத்திரம் மடியில வந்து விழும்" என்றாள் அவள். "மேல்மூடின்னா குளிர் வெளிய போகாது. ஆனா அடியில இருக்கறத எடுக்கத் தலைகீழா நிக்கணும்."

"மேல்மூடி! மேல்மூடி!"

"நம்ம வாசல் வழியா நுழையுமான்னு கேட்டுக்கறேன். பழசை உள்ள வச்சப்புறம்தான் இந்தப் படகுக்கு மேல்தளமே போட்டாங்களாம். உடைச்சுத்தான் வெளிய எடுக்கணும்."

"நுழையும்மா" என்றது போன். "அடுத்தது? கைப்பம்பு டாய்லெட்டா, கரண்ட்டா? கரண்ட்டுன்னா பட்டனை அழுத்தினா போதும். என்ன, அந்தச் சத்தத்துல அக்கம்பக்கத்துப் படகெல்லாம் முழிச்சுக்கும்."

"கைப்பம்பு" என்றார் அவர். குரல் தரையோடு போயிற்று.

"உயரமானதாக் குடுங்க தம்பி" என்றாள். "சாருக்கு முட்டி மடங்காது."

"சார் குரல் ஏம்மா கெணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு?"

"வேலையா இருக்கார்."

மிதந்து வந்த செருப்பு அவர் மூக்கில் இடித்துத் திரும்பியது.

"ஏத்திடவா சார்?"

அவர் கண்ணை மூடினார். புது ஃப்ரிட்ஜும் புதுக் கழிவறையும் வந்து இறங்கிவிட்டால், விற்பதற்குச் சொல்ல ஒரு காரணமும் மிஞ்சாது. அது அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். வலது கை மரத்துக்கொண்டே வந்தது.

"ஏத்துப்பா."

அவள் போனை வைத்துவிட்டு இன்னோர் எண்ணை அழுத்தினாள். கவிழ்ந்த பீங்கானைத் தாண்டி வந்து, குனிந்து, போனை அவர் காதருகே பிடித்தாள். மாலையில் வருவதாக இருந்தவர் அந்தப் பக்கம் 'ஹலோ' என்றார்.

"மன்னிச்சுக்கணும்" என்றார் இவர். "படகு விக்கிறதா இல்ல."

அவள் போனை அணைத்து, காய்ந்திருந்த அலமாரித் தட்டில் வைத்தாள். பிறகு தண்ணீரில் மண்டியிட்டாள்.

"இப்ப கையை எடுங்க."

அவர் எடுத்தார். கடல் ஒரு முழம் எழும்பியது. அவள் கை அதற்குள் போனது. ஸ்பேனரால் இரண்டு தட்டு.

கடல் நின்றது.

உள்ளங்கையில் வட்டமாகப் பதிந்திருந்த தடத்தைத் தேய்த்தபடி அவர் எழுந்து உட்கார்ந்தார். ஓட்டையில் மர ஆப்பு. அவர் சீவிய அதே ஆப்பு. தலைப்பில் துண்டுச் சணல். எலி கடித்தால் சணல் பிசிறும். இது நேராக, சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தது.

"இது எங்கே இருந்துச்சு?"

அவள் மிதந்த செருப்பைப் பிடித்துத் தண்ணீரை உதறினாள்.

"காலையில நீங்க ஸ்பேனர் பெட்டியை எடுத்தப்பவே, நான் கத்தரிக்கோலை எடுத்துட்டேன்."