ஓட்டையில்லாத ரசீது

சுந்தரராமன் அனுப்பிய உறையில் ஒரு காகிதம் குறைந்தது.

ஸ்வர்ணலதா உறையைக் கவிழ்த்து உதறியும் பார்த்துவிட்டாள். எல்.ஐ.சி. பிரீமியம் ரசீது இருந்தது. தபால் ஆபீஸ் சேமிப்புப் பத்திரத்தின் ஜெராக்ஸ் இருந்தது. வீட்டுக் கடன் கணக்குகூட இருந்தது. மகளின் மருத்துவச் சான்றிதழைத்தான் காணோம்.

தேனாம்பேட்டைத் தலைமை அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பிப்ரவரி வந்தாலே ரகளைதான். வருஷம் பூராவும் வரிச்சலுகையை மறந்துவிட்டு, கடைசி நேரத்தில் ரசீது தேடி வீட்டையே புரட்டிப் போடுகிற கூட்டம். அந்தக் கூட்டத்தில் மயிலாப்பூர் கிளை சுந்தரராமன் ஓர் அதிசயப் பிறவி. ஏப்ரலில் தொடங்கி, வருகிற ரசீதையெல்லாம் வீட்டில் ஒரு கம்பியில் குத்தி வைப்பார். ஜனவரி பிறந்ததும் மொத்தமாக உருவி அனுப்பிவிடுவார். அதனால் அவருடைய காகிதம் ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓர் ஓட்டை இருக்கும்.

"சார் ரசீதுக்கெல்லாம் மூக்கு குத்தியாச்சா?" என்று ஸ்வர்ணலதா ஒவ்வொரு வருஷமும் கேலி செய்வாள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு காகிதத்தை மறப்பாரா?

மாட்டார். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அவர் மகள் ஷ்ரேயாவுக்கு ரத்தப் புற்றுநோய். ஒன்பது வயதுக் குழந்தை. சிகிச்சை நடக்கிறது என்று அரசு மருத்துவமனை டாக்டர் வருஷா வருஷம் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அந்தச் செலவுக்கு வரிக்கழிவு உண்டு. போன வருஷம் உறையில் முதல் காகிதமே அதுதான்.

இந்த வருஷம் சிகிச்சை நடக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்?

மயிலாப்பூர் கிளைக்குப் போன் போட்டாள். சார் இன்றைக்கு லீவு என்றார்கள். அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. வைத்துவிட்டாள்.

"இன்னா மேடம், அந்த மயிலாப்பூர் ஃபைலு இன்னும் தொறந்தே கீது? சாயங்காலம் லிஸ்ட் போவணுமே," என்றான் அடுத்த மேஜை வடிவேலு.

சான்றிதழ் இல்லாவிட்டால் கழிவு கிடையாது. இந்த மாதமும் அடுத்த மாதமும் சம்பளத்தில் பாதி வரியாகவே போய்விடும். அவரையே பிடித்துக் கேட்கலாம்தான். ஆனால் பெற்ற தகப்பனிடம் என்னவென்று கேட்பது? உங்கள் பெண் இருக்கிறாளா சார் என்றா? சீ, அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

பைசா பிசகினாலும் விடாத ஸ்வர்ணலதா, பழைய ஃபைலிலிருந்து போன வருஷச் சான்றிதழை உருவினாள். ஒயிட்னர் பாட்டிலைக் குலுக்கித் திறந்தாள். தேதியில் 98 என்று இருப்பதை 99 ஆக்கினால் போதும். கண்டுபிடித்தால் கண்டுபிடிக்கட்டும், வேலை போனால் போகட்டும். அந்த மனிதர் காதில் இப்படி ஒரு கேள்வி விழவே கூடாது.

எட்டின் மேல் ஒயிட்னரைத் தடவிய நேரம் பார்த்து, மேஜையில் நிழல் விழுந்தது.

சுந்தரராமன்.

சட்டென்று சான்றிதழின் மேல் கையை வைத்து மறைத்தாள். ஈரம் உள்ளங்கையில் பிசுபிசுத்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. அவருடைய சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த சர்டிபிகேட் இனிமே வராது மேடம்," என்றார். "டாக்டர் தர மாட்டேன்னுட்டார். முழு வரியையும் பிடிச்சுடுங்கோ."

முருகா! நினைத்தது நடந்தேவிட்டது. தலையை மட்டும் ஆட்டினாள்.

அவர் போகவில்லை. சட்டைப் பையில் கைவிட்டு, நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்துப் பிரித்து அவள் முன்னால் வைத்தார்.

"இதுக்கு ஏதாவது சலுகை உண்டான்னு கொஞ்சம் பாருங்கோ."

வடக்கு மாட வீதி நாட்டியப் பள்ளியின் ரசீது. மாணவி பெயர் எஸ். ஷ்ரேயா. பிப்ரவரி மாதக் கட்டணம் பெற்றுக்கொள்ளப்பட்டது.

ஸ்வர்ணலதா அதைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். இந்த மாதத்து ரசீதுதான், ஆனால் மடிப்பெல்லாம் அதற்குள் நைந்து போயிருந்தது. நடுவில் ஓட்டை இல்லை.

நிமிர்ந்தாள். மனிதர் வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தார்.

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வர, வெள்ளை அப்பிய கையாலேயே கண்ணைத் துடைத்தாள். ஆட்டம் ஆடுகிறதாம் குழந்தை!

"இதுக்கு ஒரு பைசா சலுகை கிடையாது சார்," என்றாள். "முழுசாப் பிடிச்சுடுவேன்."

"தாராளமா பிடிங்கோ."

நாட்டிய வகுப்புக்கு எந்தச் சட்டத்திலும் வரிக்கழிவு கிடையாது. ஏப்ரலிலேயே கம்பியைத் தேடுகிற மனிதருக்கு அது தெரியாதா என்ன?

ஃபைலில் வைத்துக்கொள்ளலாம் என்று ஸ்வர்ணலதா ரசீதை எடுக்கப் போனாள். அதற்குள் அவர் அதைப் பதமாக எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிட்டார்.

"வடிவேலு, இதுக்கு ஏதாவது சலுகை உண்டான்னு கொஞ்சம் பாரேன்."