பாதித் தொடை

"எங்க ஆளு மேல சோதனை பண்ண உங்களுக்கு யாரு உரிமை குடுத்தது?"

தீக்காய வார்டு வாசலிலேயே டாக்டரம்மாவை மறித்தார் சங்கச் செயலாளர்.

சாயப்பட்டறையில் கொதிகலன் வெடித்து ஃபிட்டருக்கு முதுகு வெந்துபோயிருந்தது. தொடைத் தோலைச் சீவி முதுகில் ஒட்டியிருந்தார்கள். தோல் எடுத்த இடத்தில்தான் வில்லங்கம். மேல்பாதிக்கு ஈரம் காக்கும் புதுவகைக் கட்டு, வலியில்லாமல் ஆறிவந்தது. கீழ்ப்பாதிக்கு வழக்கமான காஸ் வலைத்துணி. காய்ந்து புண்ணோடு ஒட்டி, காலை அசைத்தாலே உயிர் போனது.

நல்லது எதுவென்று தெரிந்த பிறகும் மறுபாதியை ஏன் வதைக்கிறார்கள் என்று ஃபிட்டரின் மனைவி செயலாளரிடம் வந்து அழுதாள். அவருக்கு அது போதும். உழைப்பை முதலாளி உரித்தான், மிச்சமிருந்த தோலை ஆஸ்பத்திரி உரிக்கிறது என்று வார்டே கேட்கப் பேசினார்.

டாக்டரம்மா, அவர் பேசி முடித்ததும் சொன்னார்.

"ரெண்டு கட்டையும் ஒப்பிட அவர் சம்மதம் வாங்கித்தான் ஆரம்பிச்சேன். வலியைப் பார்த்துட்டு, நிறுத்திடலாம்னு சொன்னதும் நான்தான். அவர் விடமாட்டேங்கிறார். நீங்களாவது சொல்லுங்க."

ஃபிட்டர் குப்புறப் படுத்திருந்தார். செயலாளர் குனிந்தார்.

"என்னப்பா, கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு?"

ஃபிட்டர் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். பழைய துணியே போதும் என்று ஆஸ்பத்திரி மேலிடம் சாதிக்கிறதாம். தன் தொடையில் தோல் எடுக்காதவரை எந்த மேலிடத்துக்கும் பழசே போதும்தான். இரண்டு பாதியும் முழுசாக ஆறும்வரை பார்த்துக் காட்டினால், வார்டில் எல்லாருக்கும் புதுக்கட்டு வாங்க ஒப்புக்கொண்டிருக்கிறார்களாம்.

"அடுத்து எதிர்க்கட்டில்காரருக்குத் தோல் எடுக்கறாங்கண்ணே. ரெண்டு தொடையிலயும். சர்க்கரை வேற. அந்தாளு இந்த வலியைத் தாங்கமாட்டாரு. என் வீட்டுக்காரிகிட்ட சொல்லல. சொன்னா ஆபரேஷனுக்கு முன்னாடியே அவரு உயிர் இவ கையால போயிடும்."

செயலாளர் எதிர்க்கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். அதே வெடிப்பில் வெந்த மேஸ்திரி. வேலைநிறுத்தத்தின்போது பின்வாசல் வழியாக ஆள் இறக்கி வேலையை நடத்தியவன். அவர் முகம் கடுத்தது.

"இந்தக் கருங்காலிக்காகவா?"

ஃபிட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு காலை நகர்த்தினார்.

"கருங்காலிதாண்ணே. தோலை எடுத்தா அந்தாளுக்கும் உள்ள சிவப்புதான்."