முரசு அடிக்காத சனிக்கிழமை

என் பாவாடைக்குக் கீழ ரெண்டு முரசுக் குச்சி இருக்கு. அதுமேலதான் உக்காந்திருக்கேன். எழுந்திரிக்கறதா இல்ல.

எதிர் வீட்டுல மெகித்தபேல் கத்துறா. மத்தியானத்துலேர்ந்து பிரசவ வலி. ஜன்னல் பலகையெல்லாம் சாத்திட்டு உள்ள பொம்பளைங்க மட்டும்.

இங்க, எங்க வாசல்ல, பனி கொட்டுது. இந்த வாரம் பூரா சூரியனைக் கண்ணால பார்க்கல.

எங்க ஊருல சனிக்கிழமை பொழுது சாஞ்சதும் ஓய்வுநாள் ஆரம்பம். சூரியன் தெரியாத நாள்ல என் வீட்டுக்காரர் யாபேஸ் வெளிச்சத்தைப் பார்த்து முரசு அடிப்பார். அவர் அடிச்சாத்தான் ஓய்வுநாள். அதுவரைக்கும் சனிதான். ஊர்க்கூட்டத்துல எல்லா ஆம்பளைங்களும் கை தூக்கி ஒத்துக்கிட்டது இது.

ஓய்வுநாள்ல பிறந்த குழந்தைக்கு எங்க போதகர் தலையில தண்ணி தெளிச்சு ஞானஸ்நானம் கொடுக்கமாட்டார். ஓய்வுநாள்ல பிறந்தா, ஓய்வுநாள்ல உண்டானதாம். அவர் கணக்கு அப்படி. பெத்தவங்க சபைக்கு முன்னாடி எழுந்து நின்னு அந்தப் பாவத்தைச் சொல்லி அழணும்.

அதான் குச்சியை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்.

இருட்டிக்கிட்டு வருது. ஆனா தெரு பூரா இன்னும் விறகு பிளக்குற சத்தம். முரசு அடிக்காம எவன் முதல்ல கோடாலியைக் கீழ வெப்பான்? சோம்பேறின்னு பேர் வந்துடுமே.

"யோவ் யாபேஸ்! இது சனிக்கிழமைதானா, இல்ல அடுத்த வாரமே வந்துடுச்சா? கை கழண்டு விழுதுய்யா!"

பக்கத்து வீட்டு கிதியோன் கோடாலியை ஊனிக்கிட்டு கத்துறான். அந்தப் பக்கம் யாரோ சிரிச்சாங்க.

மூப்பர் ஓபதியா வந்து நின்னார். தொப்பி விளிம்பெல்லாம் பனி. மெகித்தபேல் அவர் பொண்ணு. ஒரே பொண்ணு.

"குச்சியைக் காணோம் மூப்பரே," ன்னார் யாபேஸ். முரசு அவர் கழுத்துல தொங்குது. கட்டிலுக்கு அடியில, மாட்டுக்கொட்டாய்ல, மாவுப் பீப்பாய்ல, எல்லா இடத்துலயும் தேடிட்டார். என் பக்கம் மட்டும் திரும்பல.

மூப்பர் திரும்பினார்.

"தொற்காள், எழுந்திரும்மா."

"கால் மரத்துப் போச்சு மூப்பரே."

"எழுந்திருன்னா!"

"உள்ள கத்துறது உங்க பொண்ணு. காதுல விழலையா?"

"விழுது." எதிர் வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "அதனாலதான் சொல்றேன். சொந்தப் பொண்ணுக்காக ஓய்வுநாளையே நிறுத்தி வெச்சான்னு ஊரு பேசும். தேவனுக்கு என்ன பதில் சொல்வேன்?"

"தேவன்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க ஊருக்குச் சொல்லுங்க."

எங்கேர்ந்து அந்தப் பேச்சு வந்துச்சுன்னு தெரியல. பேசி முடிச்சப்புறம்தான் தண்டனை ஞாபகம் வந்துச்சு. தொழுமரத்துல காலை மாட்டி பனியில உக்காரவெச்சுட்டா? வெக்கட்டும். உக்காரத்தானே சொல்வாங்க, உக்காந்துட்டுப் போறேன்.

அடுத்தவர் பொண்டாட்டியைத் தொட்டு எழுப்ப மூப்பரால முடியாது. சுத்திமுத்தும் பார்த்தார். விறகுக் குவியலுக்குப் போய் ஒரு கட்டையை உருவிக்கிட்டு வந்து யாபேஸ் கையில திணிச்சார்.

"இதால அடி."

அதை நான் யோசிக்கவே இல்ல. 

எதிர் வீட்டுல மருத்துவச்சி குரல் வெளிய வரைக்கும் கேட்டுது. தலை தெரியுது, முக்கு, இன்னும் கொஞ்சம் முக்குன்னு.

யாபேஸ் கட்டையைப் பார்த்தார். இந்தப் புது தேசத்துல கப்பல்லேர்ந்து இறங்கின நாள்லேர்ந்து மூப்பர் பேச்சுக்கு ஒரு மறுபேச்சு பேசினதில்ல இந்த மனுஷன். கட்டையை ஓங்கினார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்.

முரசுச் சத்தம் வரல. பர்ருனு ஏதோ கிழிஞ்சுது.

கண்ணைத் திறந்தா, கட்டையோட அவர் கையும் முழங்கை வரைக்கும் முரசுக்குள்ள போயிருக்கு.

"குளிர்ல தோல் விறைச்சுப் போயிருந்துச்சு மூப்பரே."

தெருவுல கோடாலிச் சத்தம் மட்டும். அப்புறம் எதிர் வீட்டுலேர்ந்து மெல்லிசா ஒரு அழுகை. முதல்ல பூனைக்குட்டி மாதிரி. அப்புறம் அத்தனை கோடாலியையும் அமுக்கிக்கிட்டு.

மூப்பர் தொப்பியைக் கழட்டினார். வழுக்கைத் தலையில பனி விழ விழ அப்படியே நின்னார்.

யாபேஸ் கிழிஞ்ச முரசைக் கழட்டாமலே தெருவுல இறங்கி, வாயாலயே கூவிக்கிட்டுப் போனார். "ஓய்வுநாள் வந்தாச்சு! ஓய்வுநாள்!"

வீடு வீடா சத்தம் அடங்குச்சு.

போன பனிக்காலத்துலயும் இப்படி ஒரு சனிக்கிழமை. அன்னிக்கு எங்க வீட்டுப் பலகையைச் சாத்தியிருந்தாங்க. உள்ள நான் கிடந்தேன். வெளிய, இதே வாசல்ல, அவர் முரசு அடிச்சார். நேரம் தவறாம, ஒரு அடி பிசகாம. அவர் அடிச்சு முடிக்கவும் எங்க மகன் அழவும் சரியா இருந்துச்சு.

மூணு வாரம் இருந்தான். தலையில ஒரு சொட்டுத் தண்ணி படல.