வாய் பொத்துதல்

தை மாதப் பனி விலகாத களத்துமேட்டில், ஊர் ஊராகச் சொன்னதையே சொல்லித் தொண்டை கட்டிப்போய் நிற்கிறார் ஹெல்த் இன்ஸ்பெக்டர் கலியபெருமாள். "இருமல் வந்தா துண்டால வாயப் பொத்திக்கணும்பா. இந்தக் காய்ச்சல் இருமித்தான் பரவுது." கதிரடிக்கும் கைகள் நிற்கின்றன. பதரும் தூசியும் இளவெயிலில் மெல்ல இறங்குகின்றன. நாற்காலியில் சாய்ந்திருக்கும் மிராசுதார் பஞ்சநதம் எல்லோருக்கும் பொதுவாக ஒருமுறை இருமிவிட்டு, "நல்லாச் சொல்லுங்க சார். முன்னெல்லாம் எம்முன்னாடி தானாவே பொத்திக்கிட்டு நிப்பானுங்க. கூலிக்காரனுங்க சங்கம் வந்து கெடுத்துடுச்சு" என்கிறார். கலியபெருமாளின் விஞ்ஞானம் அந்த இடத்திலேயே படுத்துவிடுகிறது. கண்கள் சிவந்து காய்ச்சலோடு கதிரடிக்க வந்து நிற்கும் தங்கையன், தோளில் கிடக்கும் துண்டை இன்னும் நன்றாக இழுத்துவிட்டுக்கொள்கிறான். "இது தோளுக்கு ஏற எத்தனை பேரு அடி வாங்கியிருக்கோம் தெரியுமா சார்? இப்ப கவர்மெண்டே எறக்கச் சொல்லுதா?" கலியபெருமாளுக்குப் பதில் தெரியும், நீட்டிச் சொல்லத்தான் தெம்பில்லை. "இவருக்காக இல்லப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, புங்கமரத்தில் தொங்கும் தூளியைப் பார்க்கிறார். உள்ளே தங்கையனின் பிள்ளை சிணுங்குகிறது. தங்கையன் போய்த் தூளியை ஆட்டுகிறான். இருமல் முட்டிக்கொண்டு வருகிறது. சட்டென்று துண்டை உருவி வாயை இறுகப் பொத்துகிறான், மிராசுதாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.